சாவித் துவாரம் இல்லாத வேலி

விசில் அக்கா களாச்செடி வைத்தது பூவுக்காக இல்லை, பழத்துக்காகவும் இல்லை. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்த வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். "எப்பப் பார்த்தாலும் பச்சையா இருக்கே, எந்த நர்சரியில வாங்கினாங்க?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைக்கக் கொடுத்த துணியைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் பக்கத்து வீட்டுத் தையல்காரி. வெளிச்சத்துக்காக மெஷினைப் பின்ஜன்னல் ஓரம் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தோட்டம். தோட்டம் முடிகிற இடத்தில் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய மழைநீர்க் கால்வாய், அதை ஒட்டி நெடுஞ்சாலை. பெரிய லாரி போனால் என் ஊசி டப்பா ஆடும். ஆகவே அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். என் கண் முன்னால் நடந்தது, பார்த்தேன்.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். ரிட்டையர் ஆன அன்றைக்குப் பையையும் டிக்கெட் மெஷினையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசிலை மட்டும் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் நின்றாலும் காலை அகட்டித்தான் நிற்பாள், தரை எந்த நேரமும் பிரேக் போட்டுவிடும் என்பது மாதிரி. குரல் அப்படி ஒரு குரல். அவள் சமையலறையில் பேசினால் நான் என் வீட்டில் இருந்தே பதில் சொல்லிவிடலாம்.

அவள் புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு அகலத்துக்குத் தகரக் கடை வைத்திருந்தார். ஊரில் சாவியைத் தொலைத்த அத்தனை பேரும் அவரைத்தான் தேடிப் போவார்கள். வாய் பேசாத மனுஷர். பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசிவிடுவதால் அவருக்குப் பேச இடமும் கிடைக்காது.

அவர்கள் சந்தித்ததே ஒரு பூட்டால்தான். அக்கா சின்ன வயதில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால் சாவியைக் காணோம். யாரோ போய் இவரைக் கூட்டி வந்தார்கள். பூட்டின்மேல் காதை வைத்துக்கொண்டு, "சாவி தொலைஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டாராம்.

"பின்ன என்ன, பொழுது போகலன்னா உங்களக் கூப்பிட்டேன்?" என்றாளாம் இவள்.

ஒரு கீறல் விழாமல் திறந்து கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா, புதுச் சாவி செஞ்சு வைக்கிறேன்" என்று பூட்டை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் போனால் சாவி தயாராகவில்லை. "நாளைக்கு வாங்கம்மா." அதற்கு மறுநாளும் அதே கதை. அக்கா இதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "அந்த ஆளு வேணும்னே செய்யல. நானும் வேணும்னே சண்டை போடல. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்லியே கல்யாணம் வரைக்கும் இழுத்துட்டாரு." சொல்லும்போதே முகம் சிவந்துவிடும். அந்த வயதில் அந்த உடம்போடு வெட்கப்பட ஒரு தைரியம் வேண்டும்.

அவருக்கு மறதி வந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பேசாதவருக்கு வார்த்தை குறைந்தால் யார் கவனிப்பார்கள்? மகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியபோது, "உக்காருங்கம்மா, எந்தப் பூட்டு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இது இனிமேல் குறையாது, கூடிக்கொண்டேதான் போகும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பத்திரமாக. எவ்வளவு சுலபமான வார்த்தை, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடலாம்.

கடையைக் காலி செய்தார்கள். அங்கே இப்போது ஒருவர் போன் உறை விற்கிறார். ஆனால் பூட்டுக்காரருக்குக் கடை காலியானது தெரியாது. காலையில் கடை திறக்கும் நேரம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகக் கிளம்பிவிடுவார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போயிருக்கிறார், தோட்டம் வழியாக, கால்வாயைத் தாண்டி, ரோட்டைக் கடந்து. முன்வாசல் பக்கம் போயிருந்தால் கவலையே இல்லை. எங்கள் தெரு முட்டுத் தெரு, யாராவது கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்போம். அந்தப் பக்கம் போகவே மாட்டார். பழைய நாளில் ரோட்டில் சைக்கிள்தான் அதிகம். இப்போது லாரிகள் கண் மண் தெரியாமல் வருகின்றன. ஒரு தடவை ஒரு டிரைவர் பிரேக்கை மிதித்து இறங்கி, இவரைத் தோளோடு பிடித்துக்கொண்டு வந்து தோட்டத்தில் தள்ளி, "செத்துப் போகணும்னா வேற லாரி பாருங்கய்யா" என்று கத்திவிட்டுப் போனான்.

முதலில் அக்கா விசிலைத்தான் நம்பினாள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. கொஞ்ச காலம் நின்றார். பிறகு ஒரு காலை அக்கா ஒற்றை விசில் ஊதினாள். பால்காரர் நின்றார், சைக்கிளில் போன பெண் நின்றாள், நான் மெஷினை நிறுத்தினேன். அவர் மட்டும் போய்க்கொண்டே இருந்தார்.

பிறகு பின்கதவுக்குப் பூட்டு. இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அப்போது எங்களுக்கே சிரிப்பு வந்தது. மகள் பேர் மறந்துபோயிற்று, சாப்பிட்டது மறந்துபோயிற்று, கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. கதவில் பூட்டைப் பார்த்ததும் அவர் முகமே தெளிந்துவிடும். எவரோ பாவம் சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். அக்காவின் கொண்டை ஊசி ஒன்று போதும். காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு, அவசரமே இல்லாமல் தடவுவார். திறந்ததும் பூட்டைக் கையில் எடுத்துக்கொள்வார். எடுத்தால் அதற்குச் சாவி செய்ய வேண்டும், சாவி செய்யக் கடைக்குப் போக வேண்டும். ஆக, பூட்டு போடப் போட அவருக்கு வேலை வந்தது. முன்பு நடந்து போனவர் இப்போது வேகமாகப் போனார்.

நான் என் பங்குக்கு அவருடைய சட்டைக் காலர் எல்லாவற்றிலும் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் நூலில் தைத்துக் கொடுத்தேன். இரண்டு பேர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒரு துணிப் பட்டையும் செய்தேன், கொக்கியை மடிப்புக்குள் மறைத்து. என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அக்கா கண் அசந்த நேரத்தில் அதைக் கழற்றி, அழகாக மடித்து, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மடித்த விதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது.

மகள் போனில் ஹோம் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவே கேட்கும். "ஹோம்ல ராத்திரி பூட்டு போடுவாங்கடி. உங்கப்பா அங்க இருக்கிற அத்தனை பேரையும் திறந்து விட்டுடுவாரு, பரவாயில்லயா?"

சுவர் கட்டலாம் என்றால் கால்வாய் ஓரம் கட்டக் கூடாது என்று நகராட்சி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முள்கம்பி இழுத்தாள். கம்பியின் முறுக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"மனுஷன் மாட்டினத எல்லாம் இந்த மனுஷன் கழட்டிடுவாரு" என்றாள். "மாட்டாதது ஏதாவது வேணும்டி. திறக்கிறதுக்கு ஒரு இடம் இல்லாதது."

அப்படித்தான் களா வந்தது. நர்சரிக்காரர் குரோட்டன்ஸும் காகிதப் பூவும் காட்டினார். அக்கா ஒவ்வொன்றையும் கையை விட்டுப் பார்த்தாள். இலை உதிர்க்கிற செடி வேண்டாம், உதிர்ந்தால் வழி தெரியும். அடி வெறுமையாகப் போகிற செடி வேண்டாம், குனிந்து போய்விடுவார். கடைசியில் நர்சரிக்காரர் மூலையில் கிடந்த களாச்செடியைக் காட்டினார். கரும்பச்சை இலை, எந்தக் காலத்திலும் கொட்டாது. கணுவுக்குக் கணு இரட்டை முள், தையல் ஊசியைப் போல நேராக, விறைப்பாக. அக்கா கையை விட்டாள், எடுத்தாள், ரத்தத்தை உறிஞ்சினாள். "இதுதான்" என்றாள்.

"நிதானமாத்தான் வரும்மா. வேலியா நிக்கிறதுக்கு மூணு நாலு வருஷம் ஆயிடும்" என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரருக்கும் நிதானமாத்தான் வருதாம். யாரு முந்துறாங்கன்னு பார்ப்போம்."

நர்சரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. செடிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்.

இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று வருகிற மாதிரி நெருக்கி நட்டாள். நுனிக் கொழுந்தை அவ்வப்போது கிள்ளினால்தான் செடி உயரத்துக்கு ஓடாமல் அடியிலேயே கிளை விடும் என்று கேட்டு வந்து, கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளிய இடத்தில் பால் வடியும். கையில் பிசினாக ஒட்டி, கறுத்து, சோப்புக்கும் போகாது. முதல் வருஷம் செடிகள் முழங்காலைக்கூடத் தொடவில்லை. அவர் ஒரு குழந்தையின் படுக்கையைத் தாண்டுகிற மாதிரி, மிதித்துவிடாமல் காலைத் தூக்கிவைத்துத் தாண்டிப் போவார். அக்கா பின்னாலேயே ஓடுவாள். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக் குளித்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். உடம்பு பாதியாகிவிட்டது. நான் ஏதாவது சொன்னால், "கூட்டத்துல டிக்கெட் கொடுத்தவடி நான்" என்பாள்.

செடிகளைத் திட்டுவாள். காலையில் அவள் குரலில்தான் நான் கண் விழிப்பேன். "தின்ன உரத்துக்கு ஒரு விரல்கடையாவது வளர்ந்தியா? உன் அண்ணன்காரன் உன்னத் தாண்டிப் போய்ட்டான், நீ சும்மா நிக்கிற?" செடிகளுக்குள் அண்ணன் தம்பி உறவெல்லாம் அவளே வைத்தது. அவர் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இரண்டொரு தடவை, "சரிம்மா, நாளைக்கு" என்று பதில் சொன்னதும் உண்டு.

மூன்றாம் வருஷ மழைக்குப் பிறகு செடிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. திடீரென்று என் ஜன்னலில் இருந்து ரோடு தெரியாமல் போயிற்று. பூ வந்தது, வெள்ளையாக, மல்லிகை வாசனையோடு. பிறகு காய், ரோஸ் நிறமாகி, சிவந்து, கறுத்தது. அக்கா கிண்ணத்தில் பறித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். உப்பு தொட்டுத் தின்று பல் கூசியது. பூட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார், வேலிக்கு முன்னால் நின்றார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார், திரும்பி வீட்டுக்குள் போனார். அக்கா என் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கையை உயர்த்தி இரண்டு விசில் ஊதினாள். போலாம் ரைட் என்று அர்த்தம். அன்றைக்கு அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மத்தியானம் ஒரு தூக்கமும் தூங்கினாள். அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச நாள் இப்படியே போயிற்று. ஒரு காலை நான் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பூட்டுக்காரர் வேலியோடு ஒட்டி நிற்கிறார். முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார். பழம் பறிக்கிறார் என்று நினைத்து மறுபடியும் குனிந்துவிட்டேன். விளிம்பு முடிந்து நிமிர்ந்தபோதும் அதே இடத்தில் அப்படியே நின்றார். அப்போதுதான் அவருடைய கைகளைத் தேடினேன். இரண்டு கையும் தோள் வரைக்கும் செடிக்குள் இருந்தன.

நான் கத்திய கத்தலில் அக்கா ஓடி வந்தாள், நானும் ஓடினேன். அவர் அழவில்லை, முனகக்கூட இல்லை. சட்டைக் கையெல்லாம் ரத்தம். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், பூட்டுக்குள் நாக்கு நகருகிற சத்தத்தைக் கேட்பாரே, அதே மாதிரி. பூட்டுக்காரர்கள் எதையும் பிடித்து இழுக்க மாட்டார்கள், பலத்தைக் காட்ட மாட்டார்கள். மெதுவாக, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவார்கள். அப்படித்தான் போயிருந்தார். ஒரு முரடன் என்றால் முதல் குத்திலேயே கையை உதறி எடுத்திருப்பான்.

"என்னங்க பண்றீங்க? கையை எடுங்க. ஐயோ, கையை எடுங்க" என்றாள் அக்கா.

"சத்தம் போடாதீங்கம்மா" என்றார் அவர், மரியாதையாக. "துவாரம் இங்கதான் எங்கயோ இருக்கு. எல்லாப் பூட்டுக்கும் இருக்கும்."

இழுத்தால் கிழியும். துணி வெட்டுகிற கத்திரியில் நான் காகிதத்தைக்கூட வெட்ட விடமாட்டேன். அன்றைக்கு அதை எடுத்து வந்து கிளை கிளையாக வெட்டினேன். பாலும் ரத்தமும் கலந்து கத்திரிப் பிடியெல்லாம் வழுக்கியது. அந்தக் கத்திரி அதோடு போயிற்று. வெட்டி முடித்து அவரை வெளியே எடுத்தபோது, வேலை கெட்டுப்போனவர் மாதிரி எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டதாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். சர்க்கரை உடம்பு, கவனமாக இருங்கள் என்றார்கள். அக்கா வேளைக்கு வேளை மருந்து போட்டாள். ஆனால் வலது ஆள்காட்டி விரலின் மூட்டுக்குள் ஒரு முள்நுனி ஒடிந்து தங்கியிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு புள்ளி, மச்சம் அளவுகூட இல்லை. விரல் வீங்கியது, கறுத்தது, பெருவிரலுக்கும் பரவியது. இரண்டையும் எடுத்தார்கள். மிச்சக் கையைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். காப்பாற்றினார்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு விரலில்தான் அந்த மனுஷர் இருந்தார். மற்றதெல்லாம் எப்போதோ போயிருந்தது.

மகள் வந்து பார்த்துவிட்டு வேலியைக் காட்டிக் கத்தினாள். "இப்பவே ஆளைக் கூப்பிட்டு வேரோட புடுங்கிப் போடும்மா." அக்கா பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். மகள் போன பிறகு நானும் மெதுவாகக் கேட்டேன், வெட்டிவிடலாமா என்று.

"எதுக்கு வெட்டணும்?" என்றாள். பிறகு, "எதுக்கு வெட்டாம விடணும், அதுவும் தெரியல" என்றாள்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. பூட்டுக்காரர் இப்போது எங்கேயும் போவதில்லை. கடை திறக்கும் நேரம் வரும், செருப்பு வாசலில் கிடக்கும், அவர் நாற்காலியிலேயே இருப்பார். பின்கதவைத் திறந்து போட்டே வைத்திருக்கிறாள் அக்கா. நான் வெட்டிய இடத்தில் ஒரு ஆள் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது, அதன் வழியாக லாரிகள் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த மழைக்கு அந்த ஓட்டையும் மூடிக்கொண்டது. வேலி நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுக்கிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்.

போன வாரம் அவருக்கு இடது கையால் போடுகிற மாதிரி, பொத்தான் இல்லாமல் ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனேன். முன்னறையில் அவர் உட்கார்ந்திருந்தார், தோளில் துண்டு. அக்கா எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மடியில் பின்கதவின் பழைய பூட்டு, பூட்டியபடி. அவள்தான் வைத்திருக்கிறாள். தினமும் காலையில், கடை திறக்கும் நேரத்துக்கு, இப்படிப் பூட்டை எடுத்து மடியில் வைப்பாளாம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் மிச்சமிருந்த விரல்களால் பூட்டைத் திருப்பினார். காதுக்குக் கொண்டுபோனார். கீழே வைத்தார். நிமிர்ந்து எதிரே இருந்தவளைப் பார்த்தார்.

"சாவி தொலைஞ்சு போச்சாம்மா?"

"ஆமாங்க, தொலைச்சுட்டேன்" என்றாள் அக்கா. அவளுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அதைத் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் கை சரியில்லம்மா. நாளைக்கு வாங்க."

"சரிங்க. நாளைக்கு வர்றேன்."

பூட்டை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போவாள் என்று நினைத்தேன். முன்வாசலைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வாடிக்கையாளர் அப்படித்தானே போக வேண்டும். தெருவில் கொஞ்ச நேரம் காலை அகட்டி நின்றாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு, வேலி ஓரமாக நடந்து, பின்கதவு வழியாக உள்ளே வந்து உலை வைத்தாள்.